கொல்லப்பட்ட மாணவர்களின் பக்கங்களை மலரில் திரும்பச் சேருங்கள்: அதிபருக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், பழைய மாணவர் சங்கச் செயற்குழுவினருக்கும்,

கல்லூரியின் ஆண்டு நிறைவு மலரில், போர்க்காலத்தில் கொல்லப்பட்ட மாணவர்களுக்கென ஒதுக்கியிருந்த பக்கங்களை நீக்கிவிட்டதாக மலர்க்குழு எனக்கு அறிவித்திருக்கிறது. பட்டியல் முழுமையாக இல்லை, மலரில் அரசியல் வேண்டாம், விழாவுக்கு வரும் விருந்தினர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. தனிப்பட எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் 1994 இல் உயர்தரம் எழுதிய பிரிவைச் சேர்ந்தவன். செயற்குழுவில் இருக்கும் சிலர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஆகவே கொல்லப்பட்ட நம் வகுப்புத் தோழர்களில் நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது அவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அவனுடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. அண்ணாவின் பெயர் முதலில் கல்லூரியின் ஏட்டில் வரட்டும், அதற்குப் பிறகு நீங்கள் எங்கே வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று அவன் தங்கை கேட்டுக்கொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அவன் 1986 இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். அடுத்த வருடமே இந்திய இராணுவத்தோடு சண்டை. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 1990 ஜூனில் மறுபடி போர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. சாதாரணதரம், உயர்தரம் இரண்டுக்கும் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் எண்ணெய் ஊறவிட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வில் திரியைக் கோத்து எரிக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்களைப் பற்றி இந்த மலரில் பெருமையாக நான்கு கட்டுரைகள் வரப்போகின்றன என்று அறிகிறேன். வரட்டும், அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். அவர்களில் பாதிப்பேர் படித்த வினாத்தாள்கள் இவன் கையெழுத்தில் இருந்தவை என்பதையும் அந்தக் கட்டுரைகளை எழுதுபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

போட்டோக் கொப்பி எடுக்க மின்சாரம் இல்லை, தாளும் இல்லை. கடந்தகால வினாத்தாள்களை யாரிடமாவது இரவல் வாங்கி, பழைய கொப்பிகளில் மிஞ்சிக் கிடந்த தாள்களில் எழுதுவான். ஒன்றை நமக்குத் தருவான். இன்னொன்று, வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நம் கட்டடத்தில் பின்னேரப் பாடசாலையில் படித்த பிள்ளைகளுக்குப் போகும். அந்தப் பிள்ளைகள் நமக்குப் போட்டிதானே, உனக்கேன் இந்த வேலை என்று நம் வகுப்பில் ஒருவன் கேட்டதற்கு, அவனோடு ஒரு கிழமை பேசாமல் இருந்தான். சாந்தமான பிள்ளை என்று அவனை நான் சொல்லமாட்டேன். வாயாடி. முற்கோபி. விடுமுறைக்கும் நூலகத்தைத் திறக்க வேண்டும் என்று உப அதிபரோடு வாதாடி, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, கடைசியில் திறப்பையும் வாங்கியவன். பின்னேரங்களில் தன் வீட்டு முற்றத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோவில் ரேடியோவை ஓடவிட்டு, அயலில் உள்ளவர்களுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்க வைப்பான். செய்தி பிடிக்காவிட்டால் மிதிப்பதை நிறுத்திவிடுவான் என்று அவன் அப்பா சொல்லிச் சிரிப்பார்.

நூலகம் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரி வளவில் செல் (எறிகணை) விழுந்து நூலகத்தின் கூரை உடைந்தபோது மாரிகாலம். நனைந்த புத்தகங்களை ஆய்வுகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மேசைகளில் விரித்து உலர்த்தியவர்களில் நானும் ஒருவன். இரண்டு மூன்று நாளில் எங்களுக்கு அலுத்துவிட்டது. அவன் மட்டும் விடவில்லை. பழைய சேர்வுப் பதிவேடு நனைந்து கூழாகிப் போயிருந்தது. புத்தகம் புத்தகமாக எடுத்து, முதற்பக்க முத்திரையைப் பார்த்து, இலக்கம், தலைப்பு, ஆசிரியர், விலை என்று முழுவதையும் புதிதாக எழுதினான். எங்கள் ஊர்களில் எரிந்த நூலகம் என்றால் என்னவென்று சிறு பிள்ளைக்கும் தெரியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை 97,000 புத்தகங்கள். அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலை எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. அந்தப் பதிவேடு இன்றைக்கும் நம் நூலகத்தில் இருக்கிறது. அதிபர் அவர்களே, தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ‘ழ’வின் வாலை அடுத்த வரிவரை இழுத்திருப்பான்.

1995 ஏப்ரல் 19 இல் போர்நிறுத்தம் முறிந்தது. உயர்தரத்தில் நல்ல புள்ளிகள் எடுத்து, பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துக்காக அவன் காத்திருந்த நேரம் அது. ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கையை இராணுவம் தொடங்கியது. வலிகாமத்தின் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் ஊர் ஊராகச் சனம் எழும்பி நவாலிக்கு வந்தது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் போய் இருங்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. சொன்னபடியே வந்து சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அயலிலிருந்த முருகன் கோயிலிலும் இருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் போனவர்களில் இவனும் ஒருவன். வீட்டிலிருந்து இரண்டு வாளியோடு சைக்கிளில் போனான். பின்னேரம் விமானப்படையின் குண்டுகள் தேவாலய வளவில் விழுந்தன. அவனுக்கு இருபது வயது நிரம்பவில்லை.

நான் மானிப்பாயில் இருந்தேன். சத்தம் கேட்டுப் போனவர்கள் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. காயப்பட்டவர்களை உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனை அவன் அப்பாதான் அடையாளம் காட்டினார். அன்று 65 பேர் கொல்லப்பட்டதாகச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு இரண்டு நாளில் அறிக்கை வெளியிட்டது. அப்படிச் சொன்னதையே அன்றைய அரசாங்கம் கண்டித்தது. பிறகு இறந்தவர்களையும் சேர்த்து, 140 பேருக்கு மேல் என்பது ஊரின் கணக்கு.

அவனுக்குக் கட்டுப் போடவும் காவுபடுக்கை தூக்கவும் கற்றுத்தந்தது நம் கல்லூரியின் சென் ஜோன் முதலுதவிப் படை. ஆபத்தில் இருப்பவனுக்கு உதவப் போ என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலைக் கூட்டத்தில் சொல்லித்தந்தது நம் கல்லூரி. சொன்னதைக் கேட்டுப் போன பிள்ளைக்குக் கல்லூரி இதுவரை ஒரு நிமிட அஞ்சலிகூடச் செலுத்தவில்லை.

அந்த நாளில் செய்ய முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். குண்டு விழுந்த அன்றிரவே நம் வகுப்பறைகள் இடம்பெயர்ந்த சனத்தால் நிரம்பிவிட்டன. கல்லூரி திரும்பத் தொடங்கிச் சில கிழமைகளில் ஒக்டோபர் 30 வந்தது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழைக்குள் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அவன் வீட்டில் கூரையும் இல்லை, அவன் படங்களும் இல்லை. கீரிமலை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்ததால் அந்தியேட்டிக் கிரியையை அங்கே செய்ய முடியவில்லை என்ற குறை அவன் அம்மாவுக்கு இன்னும் இருக்கிறது. கல்லூரிப் படலைக்கு முன்னால் காவலரண் இருந்த காலத்தில் இப்படியான பெயர்களை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைய அதிபர்களையும் ஆசிரியர்களையும் நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இருந்தது. பயந்தார்கள், பயப்படத்தான் வேண்டியிருந்தது. இன்றைக்கு யாரும் நம்மிடம் வந்து அந்தப் பக்கங்களை எடு என்று சொல்லவில்லை. நீங்களாகவே எடுத்திருக்கிறீர்கள். என் வருத்தமெல்லாம் இதில்தான்.

இது முதல்முறையும் இல்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு அவன் அம்மா, தன் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, இரசாயனவியலுக்கு அவன் பெயரில் ஒரு பரிசு வைத்தார். சில வருடங்கள் கொடுக்கப்பட்டது. பிறகு நின்றது. இப்போது அதே பரிசு ஒரு நன்கொடையாளரின் பெயரில் வழங்கப்படுகிறது. வைப்பிலிட்ட பணத்தின் வட்டி போதவில்லை என்று அந்தத் தாய்க்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் எங்கள் பிரிவு முழுவதும் சேர்ந்து அந்தப் பணத்தை நிரப்பியிருக்கும். பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரலை அயல்வீட்டுப் பிள்ளை கொண்டுவந்து காட்டித்தான் அவருக்கு விடயம் தெரியவந்தது.

உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

பட்டியல் முழுமையில்லை என்பது உண்மை. நானும் வேறு சில பிரிவுகளைச் சேர்ந்தவர்களும் சேகரித்துத் தந்ததுதான் அந்தப் பட்டியல். 1987 இல் இறந்தவர்கள், கிளாலிக் கடலைக் கடக்கும்போது இறந்தவர்கள், வீட்டில் இருக்கும்போது செல் விழுந்து இறந்தவர்கள், 2009 இல் முள்ளிவாய்க்காலில் குடும்பத்தோடு இறந்தவர்கள் என்று தெரிந்தவரை எழுதினோம். தெரியாததை எப்படி எழுதுவது? அது எங்கள் கையில் இல்லை. கல்லூரியின் மாணவர் சேர்வு இடாப்புகள் உங்கள் அலுவலக அலுமாரியில் இருக்கின்றன. முழுமையான பட்டியலைத் தயாரிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். அந்த அலுமாரியைத் திறக்காமலே முழுமை இல்லை என்று சொல்வது நியாயமா?

பெயர்களைக் காப்பாற்றுவதால் என்ன பயன் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். 1996 செப்டெம்பரில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய கிருஷாந்தி குமாரசுவாமி என்ற மாணவி இராணுவச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெயரைப் பலபேர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் வழக்கு நடந்தது. 1998 இல் அந்த வழக்கில் தண்டனை பெற்ற ஒரு படையினன் வாய் திறந்ததால்தான் செம்மணிப் புதைகுழி வெளியே வந்தது. 2025 இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையோடு அதன் புத்தகப் பையும் கிடைத்தது. அங்கே எலும்புகள் கிடைத்தும் பெயர் தெரியாமல் திண்டாடுகிறார்கள். நம்மிடம் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், ஊர் எல்லாம் மையால் எழுதிக் கிடக்கின்றன.

அரசியல் வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் தயக்கம் எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். பட்டியலில் ஆயுத இயக்கங்களில் சேர்ந்து இறந்தவர்களும் இருக்கிறார்கள். இயக்கங்களாலேயே கொல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்களின் பெயர்களையும் நாங்கள்தான் சேர்த்தோம், யாரும் கேட்டுச் சேர்க்கவில்லை. நான் கேட்பது வீரவணக்கம் இல்லை. யார் சரி, யார் பிழை என்று கல்லூரி தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். பெயர், பிரிவு, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இடம். கொன்றது இராணுவமா, இந்தியப் படையா, நம் இயக்கங்களா என்று பார்த்துச் சிலரைச் சேர்த்துச் சிலரை விட்டால்தான் அது அரசியல். எல்லோரையும் ஒரே எழுத்தில் அச்சிட்டால் அது கல்லூரியின் பதிவு. தெற்கிலுள்ள பெரிய கல்லூரிகள் போரில் இறந்த தங்கள் பழைய மாணவர்களான படை அதிகாரிகளுக்கு வளவுக்குள்ளேயே நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கின்றன. அந்தத் தாய்மாருக்கும் பிள்ளைகள்தானே, அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் கொடுக்கப்போன பிள்ளைக்கு இரண்டு வரி அச்சிட நாம் ஏன் தயங்க வேண்டும்?

பயம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடிரவாக இடித்ததைப் பார்த்தோம். 2024 மே மாதத்தில் சம்பூரில் முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி கொடுத்த பெண்களைக் கைது செய்ததையும் பார்த்தோம். ஆனால் இடித்த தூபியை மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து நான்கு மாதத்துக்குள் திரும்பக் கட்ட வைத்தார்கள். நவாலியில் ஒவ்வொரு ஜூலை 9 இலும் தேவாலயத்தில் வெளிப்படையாகவே அஞ்சலி நடக்கிறது. ஊர் செய்கிறது, தேவாலயம் செய்கிறது. கல்லூரி ஒரு மலரில் அச்சிடுவதால் வரக்கூடிய ஆபத்து என்று ஒன்று இருந்தால் அதைச் சங்க உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து தீர்மானிப்போம்.

விருந்தினர்களின் சங்கடம் பற்றி நான் பேச விரும்பவில்லை. அந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்க வேண்டியவர் அவன் அம்மா.

எனவே கேட்கிறேன். மலர் அச்சுக்குப் போவதற்கு முன் செயற்குழுவின் அவசரக் கூட்டத்தைக் கூட்டி, நீக்கிய பக்கங்களைத் திரும்பச் சேருங்கள். பட்டியலின் கடைசியில், இது தொடரும், விடுபட்ட பெயர்களைக் குடும்பத்தினர் அறியத்தரலாம் என்று எழுதி, கல்லூரி அலுவலக முகவரியைப் போடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களை இறந்தவர்களோடு சேர்க்க வேண்டாம். அவர்களின் பெற்றோர் இன்னும் தேடுகிறார்கள். அவர்களுக்குத் தனித் தலைப்பு வேண்டும், குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டும்.

1980 முதல் 2009 வரையான சேர்வு இடாப்புகளைப் பார்வையிட இரண்டு ஆசிரியர்களையும் பழைய மாணவர்கள் சிலரையும் கொண்ட ஒரு குழுவை நியமியுங்கள். தாள்கள் உக்கத் தொடங்கிவிட்டன. பார்ப்பதோடு ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்தும் வைக்க வேண்டும். அதற்கான செலவை 1994 பிரிவு ஏற்கும், அதை எழுத்தில் தருகிறோம். பெயரைப் போட விரும்பாத குடும்பங்கள் இருந்தால் அவர்கள் விருப்பமே முடிவு.

இரசாயனவியல் பரிசை அவன் பெயருக்கே திருப்பிக் கொடுங்கள். இப்போதைய நன்கொடையாளருடன் நாங்களே பேசுகிறோம். அவர் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை. பரிசு எப்போது, ஏன் நிறுத்தப்பட்டது என்று அவன் அம்மாவுக்கு அதிபர் கையொப்பத்தோடு ஒரு கடிதம் போக வேண்டும். அவருக்கு எண்பது கடந்துவிட்டது, கண் மங்கிவிட்டது. பெரிய எழுத்தில் அனுப்புங்கள். மலர் வெளியீட்டுக்கும் அவரை அழையுங்கள். கூட்டிவருவது எங்கள் பொறுப்பு.

நூலகப் பதிவேட்டில், அதை எழுதியவர் யாரென்று ஒரு குறிப்புச் சேர்க்கும்படி நூலகரிடம் சொல்லுங்கள். இதற்குக் கூட்டமும் தீர்மானமும் தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்பதைக் காரணத்தோடு எழுத்தில் அறியத்தாருங்கள். மறுப்பதாக இருந்தால், அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வைத்து வாக்கெடுப்புக் கேட்க எங்கள் பிரிவு முடிவு செய்திருக்கிறது என்பதையும் இத்தால் அறியத்தருகிறேன்.

இப்படிக்கு,
1994 உயர்தரப் பிரிவின் பழைய மாணவன்